பழைய டிராக்டரும் பால்மாட்டுப் பண்ணையும்

கோலார் தங்கவயல் என்றதும் பொன்னும் சுரங்கமுமே எவர்க்கும் நினைவில் எழும். அந்தப் பொன் கிடந்த பாறைக்கு மேலே செம்மண் இருக்கிறது. அச்செம்மண்ணில் கேழ்வரகு விளைகிறது. அதன் தாளைத் தின்று மாடு பால் கறக்கிறது. இதனை எண்ணுவோர் சிலரே. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை இருப்புப்பாதையில் கோரமண்டல் என்றொரு நிலையம் உண்டு. அதனைச் சார்ந்த பகுதியே நான் பிறந்து வளர்ந்த இடம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் எங்கள் மக்களுள் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் மீள்வாராயினர். சிலர் மாட்டை நம்பினர். என் தாய்மாமன் இரண்டாம் வகையினர். சுரங்கப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த அவர், கையில் கிடைத்த தொகையைக் கொண்டு நிலம் குத்தகைக்கு எடுத்தார். கலப்பினப் பசுக்களை வாங்கினார். பிறர் உழுது களைத்த 35 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றையும் வாங்கினார். அந்த வண்டிக்கு என்னைவிட வயது அதிகம்.

மாணவர் சங்க மலரில் கிரீசையும் டீசலையும் பற்றி எழுதுவதா என்று நண்பர் ஒருவர் நகைத்தார். கவிதைக்கும் திறனாய்வுக்கும் இடம் தரும் ஏடு, நம் வீட்டாரின் பிழைப்புக்கும் சில பக்கம் தரலாம் என்பது என் எண்ணம். பொறியியல் வகுப்பில் நான் பயின்றதையும், விடுமுறைதோறும் மாமாவின் கொட்டிலில் பழகியதையும் ஒருங்கே வைத்து இதனை எழுதுகிறேன்.

பால்மாட்டுப் பண்ணைக்கு டிராக்டர் எத்துணை இன்றியமையாதது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 400 கிலோ எடையுள்ள கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் 10 முதல் 12 கிலோ வரை தீவனம் வேண்டும். பசும்புல்லும் அடர்தீவனமும் போக, உலர்ந்த தாளாக 6 கிலோவேனும் போடுகிறோம். பத்துப் பசுவுக்கு நாளைக்கு 60 கிலோ. ஆண்டுக்கு ஏறத்தாழ 22 டன். இந்த 22 டன்னும் ஆண்டு முழுதும் சிறிது சிறிதாக வருவதன்று. ஆடியில் விதைத்த கேழ்வரகைக் கார்த்திகை, மார்கழியில் அறுக்கிறோம். அந்த மாதங்களில்தான் வங்கக் கடலில் தாழ்வுநிலை தோன்றினால் எங்கள் மேட்டுநிலத்திலும் மழை பெய்யும். கேழ்வரகுத் தாள் நெல் வைக்கோலைக் காட்டிலும் சத்து மிகுந்தது. ஆனால் ஈரத்தோடு போர் போட்டால் கெட்டுவிடும். ஈரம் நூற்றுக்கு 15 பங்குக்குக் கீழ் இறங்க வேண்டும். இல்லையேல் பூஞ்சணம் பூக்கும். உள்ளே வெப்பம் ஏறும். ஈரமாகக் குவித்த புற்போர் தானே தீப்பற்றி எரிந்ததும் உலகில் பல நாடுகளில் நிகழ்ந்ததுதான்.

ஆகவே அறுவடைக்கும் போர் அடைவதற்கும் இடையே எங்களுக்குக் கிடைக்கும் வெயில் நாள்கள் மிகச் சில. களத்தில் கல்லுருளையை இழுப்பதும், தாளை டிரெய்லரில் ஏற்றி வருவதும், சில ஆண்டுகளாகத் தாளை உருளையாகச் சுருட்டும் பேலரை இயக்குவதும் அந்த ஒரே டிராக்டர்தான். அந்த நாள்களில் அது இரண்டு நாள் படுத்துவிட்டால் தாள் கறுத்துவிடும். பிறகு பங்குனியில் யானை விலைக்குத் தாள் வாங்க வேண்டும். அல்லது பசுவை விற்க வேண்டும். எங்கள் ஊரில் பசுவை விற்ற வீடுகள் உண்டு. புதிய டிராக்டர் வாங்கும் வசதி பத்து மாட்டுக்காரனுக்கு இல்லை.

பழைய டிராக்டர் என்று சொல்லும்போது எதனைச் சொல்கிறோம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுதல் நன்று. அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் என்பார், ஏர்க்கருவியை மூன்று இணைப்புகளால் வண்டியோடு பிணைத்து ஹைட்ராலிக் ஆற்றலால் தூக்கவும் தாழ்த்தவும் வழி கண்டார். அம்முறையோடு கூடிய பெர்குசன்–பிரௌன் வண்டி 1936-இல் விற்பனைக்கு வந்தது. 1953-இல் அவர் நிறுவனம் மாசி–ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. அவ்வழி வந்த மாசி பெர்குசன் வண்டிகளே 1960-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனத்தின் வாயிலாக நம் வயல்களுக்கு வந்தன. அதற்கு முந்தைய ஆண்டே பரிதாபாத்தில் ஐஷர் டிராக்டர் உருவாகத் தொடங்கிவிட்டது. 1971-இல் எச்.எம்.டி. நிறுவனம், செக்கோஸ்லோவாக்கியாவின் செட்டர் வடிவில் டிராக்டர் செய்யத் தொடங்கிற்று. இவற்றின் வழிவந்த பழைய வண்டிகளில் மின்னணுப் பொறி எதுவும் இல்லை. எல்லாம் பல்லும் தண்டும் எண்ணெயும் தாம். கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம், ஸ்பேனரால் கழற்றலாம். பெயர்ப் பலகையில் உள்ள ஆண்டு எவ்வளவு பழையதாயினும் இத்தகைய வண்டியை ஓடவைக்கலாம் என்பதே என் கட்சி. ஓடாமல் நிற்பவற்றுள் பெரும்பாலானவை முதுமையால் நின்றவை அல்ல. தூசியாலும் தண்ணீராலும் நின்றவை.

முதலில் தூசியைப் பார்ப்போம். உழவு வேலையைக் காட்டிலும் தாள் வேலையில்தான் டிராக்டர் மிகுதியாகத் தூசியைக் குடிக்கிறது. எவ்வளவு குடிக்கும்? எஞ்சினின் கொள்ளளவு 2.4 லிட்டர் என்றும், அது நிமிடத்திற்கு 1500 சுற்றுச் சுற்றுகிறது என்றும் கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கும். ஆகவே 750-ஐ 2.4-ஆல் பெருக்க, நிமிடத்திற்கு 1800 லிட்டர். மணிக்கு 108 கன மீட்டர். 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள நம் வகுப்பறை ஒன்றின் காற்று முழுவதையும் ஒரு மணி நேரத்தில் அது விழுங்கிவிடுகிறது! கல்லுருளை ஓடும் களத்தில் அந்த அறையை நிறைத்திருக்கும் தூசியை எண்ணிப் பாருங்கள். அது உள்ளே சென்றால் எண்ணெயோடு கலந்து உப்புத்தாள் போல் லைனரையும் பிஸ்டன் வளையத்தையும் தேய்க்கும்.

இதனைத் தடுப்பது ஏர் கிளீனர். பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஆயில் பாத் வகையே இருக்கும். அடியில் ஒரு கிண்ணம், அதில் எண்ணெய். காற்று எண்ணெயின் மேல் மோதித் திரும்பும்போது தூசி எண்ணெயில் விழுந்துவிடும். காகித ஃபில்டர் போல் இதற்கு மாற்றுப்பொருள் வாங்க வேண்டியதில்லை; கழுவினால் போதும். வேறு வேலை நாள்களில் வாரத்திற்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கலாம். தாள் அடிக்கும் நாள்களில் ஒவ்வொரு மாலையும் கழற்ற வேண்டும். கிண்ணத்தின் அடியில் சேறு அரை அங்குலம் படிந்திருந்தால் அதனைக் கொட்டிவிட்டு, டீசலில் கழுவிப் புது எண்ணெயைக் குறியளவு ஊற்ற வேண்டும். குறிக்கு மேல் ஊற்றுதல் தாராளமன்று, கேடு. மிகுந்த எண்ணெயை எஞ்சின் உறிஞ்சித் தானே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும். கிண்ணம் சுத்தமாயிருந்தும் பயனில்லாமற் போவது ஒரு வகை. ஏர் கிளீனரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் தூசி குறுக்கு வழியில் புகுந்துவிடும். மெதுவாக ஓடும் எஞ்சினின் காற்று வாயைத் தட்டையான பலகையால் மூடினால் எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறெங்கோ ஓட்டை உண்டு. கையால் மூடிப் பார்த்தல் ஆகாது.

அதே தாள் தூசி ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையிலும் அடைத்துக்கொள்ளும். எஞ்சின் சூடேறுகிறது என்று தண்ணீரை மேலும் மேலும் ஊற்றுவார்கள். அடைப்பையோ எவரும் பார்க்கமாட்டார்கள். தூசி முன்புறத்திலிருந்து நுழைந்தது. ஆதலால் பின்புறமிருந்து முன்னோக்கிக் காற்றோ தண்ணீரோ பாய்ச்சி வெளியேற்ற வேண்டும். முன்னே கொசுவலைக் கம்பி ஒன்றைக் கட்டிவிட்டால் வேலை பாதி குறையும். உள்ளே ஊற்றும் தண்ணீரும் கவனிக்கத்தக்கது. எங்கள் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளின் நீர் கடினமானது. பானையின் அடியில் படியும் வெள்ளை உப்பே ரேடியேட்டர்க் குழாயிலும் படியும். மாமா மழைக்காலத்தில் ஓட்டு நீரைப் பீப்பாயில் பிடித்து வைத்துக் குளிர்நெய் கலந்து ஊற்றுகிறார். குளிர்நெய் என்பது என் சொல். கடையில் கூலன்ட் என்று கேட்டால்தான் தருவார்கள்.

அடுத்தது டீசல். டீசல் பம்பின் பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளைக்கும் இடையே உள்ள இடைவெளி 2 அல்லது 3 மைக்ரான் அளவினது. நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். இத்துணை நுண்ணிய பொருளுக்குள் ஒரு துளித் தண்ணீர் புகுந்து துருவேற்றினால் என்னாகும் என்பதை விரிக்க வேண்டியதில்லை. டீசல் பீப்பாயை ஆட்டாமல் ஒரு நாள் நிறுத்தி, அடியில் நாலு விரல் விட்டு மேலே உள்ளதை எடுக்க வேண்டும். டாங்கியை மாலையிலேயே நிரப்பிவிடுதல் நலம். காலியாக இருக்கும் டாங்கியில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் துளிர்த்து உள்ளே சொட்டும். மார்கழிப் பனி எங்கள் ஊரில் சிறிதன்று.

டீசல் தீர்ந்தோ ஃபில்டர் மாற்றியோ குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் எஞ்சின் எழாது. இதற்கு மெக்கானிக்கை அழைத்துக் காத்திருப்போர் பலர். செய்யவேண்டியது இவ்வளவே. ஃபில்டரின் தலையில் உள்ள காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியும் வரும். தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்குக. பின்னர் டீசல் பம்பில் உள்ள காற்றுத் திருகிலும் அவ்வாறே செய்க. அதன் பிறகும் எழாவிடில் இன்ஜெக்டர்களின் மேல் நட்டுகளைத் தளர்த்தி எஞ்சினைச் சுழற்றி, டீசல் துள்ளி வந்ததும் இறுக்குக. வரிசை மாறக்கூடாது, டாங்கியிலிருந்து எஞ்சினை நோக்கியே செல்ல வேண்டும். நாசில் பீய்ச்சும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தல் மட்டும் ஒருபோதும் ஆகாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் சென்றுவிடும். ஊசி குத்தியது போன்ற புள்ளிதான் தெரியும், விரலை இழக்க நேரும். பம்பையும் நாசிலையும் பிரித்துச் சரிசெய்வது மாட்டுக்கொட்டிலில் செய்யும் வேலையும் அன்று. சோதனை மேடை உள்ள பட்டறைக்கே எடுத்துச் செல்ல வேண்டும்.

எஞ்சின் தன் நோயைப் புகையாலும் எண்ணெயாலும் சொல்லும். கரும்புகை, காற்றுப் போதவில்லை அல்லது டீசல் மிகுதி என்பதாம். நீலப்புகை, எண்ணெய் எரிகிறது. குளிர்ந்த காலையில் சிறிது வெண்புகை இயல்பு. வெயிலேறியும் நீங்காவிடில் நாசிலையோ தண்ணீர்க் கசிவையோ ஐயுற வேண்டும். அளவுக்கோலை இழுத்துப் பார்க்கும்போது எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. குறிக்கு மேல் ஏறி டீசல் வாடை வீசினால் டீசல் கசிந்து கீழே இறங்குகிறது. எண்ணெய் குறைந்தால் கலங்குவோம். எண்ணெய் கூடினால் மகிழ்ச்சியடைவோரும் உண்டு! கூடுவதே பெரிய ஆபத்து.

டயர்க்காற்று, கிளட்ச் மிதியின் தளர்ச்சி, பெல்ட்டின் இறுக்கம் ஆகியவற்றை வண்டியின் கையேடு சொல்லும் அளவில் வைத்துக்கொண்டால் போதும். அவற்றை நான் விரிக்கப் போவதில்லை.

இனி, எந்நூலிலும் நான் படிக்காத ஒன்று. சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டு ஒரு கம்பிவடத்தில் தொங்குகிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அந்த வடத்தைப் பார்ப்பதும், பார்த்ததை ஏட்டில் எழுதிக் கையொப்பமிடுவதும் அங்கே நாள்தோறும் நடந்த கடமை. பழுது இல்லாவிட்டாலும் ‘பழுது இல்லை’ என்று எழுதியே ஆக வேண்டும். குறித்த காலம் வந்ததும் நன்றாயிருக்கும் வடத்தின் நுனியையும் வெட்டி எடுத்துப் புதிதாகப் பூட்டுவர். அறுந்த பின் மாற்றுவது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. மாமா அந்தப் பழக்கத்தை வயலுக்குக் கொண்டுவந்தார். டிராக்டருக்கு ஒரு 200 பக்க நோட்டு. தேதி, ஊற்றிய டீசல், எண்ணெயின் நிறம், கிரீஸ் போட்ட இடங்கள், காதில் விழுந்த புதிய ஓசை. எங்கள் வண்டியில் மணிக்காட்டி பழுதாகி நெடுநாளாயிற்று. அதனால் டீசலைக் கொண்டே மணியைக் கணக்கிடுகிறார். கலப்பு வேலையில் மணிக்கு ஏறத்தாழ 3 லிட்டர் செல்கிறது. 250 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டுமாயின் 750 லிட்டர் டீசல் தீர்ந்ததும் மாற்றுகிறார். “மாப்பிள்ளை, வண்டி பேசாது, நோட்டுதான் பேசும்” என்பார். நான்கு ஆண்டு நோட்டைப் புரட்டினால் எந்தப் பேரிங் எத்தனை லிட்டருக்கு ஒருமுறை போகிறது என்பது தெரிந்துவிடுகிறது. அறுவடைக்கு முந்திய ஐப்பசியிலேயே அதனை மாற்றிவிடுகிறார்.

உதிரிப்பாகம் கிடைப்பதில்லை என்பது பழைய வண்டிக்காரர்களின் நெடுநாளைய முறையீடு. எச்.எம்.டி. டிராக்டர்ப் பிரிவை மூட 2016-இல் முடிவு செய்யப்பட்டபோது இது இன்னும் மிகுந்தது. இதில் பாதி உண்மை, பாதி அறியாமை. கியர், உறை போன்றவை அந்தந்த வண்டிக்கே உரியவை. பேரிங், ஆயில் சீல், பெல்ட் ஆகியவையோ உலகப் பொது அளவினவாகவே பெரும்பாலும் இருக்கும். பேரிங்கின் பக்கத்தில் 6205 என்று பொறித்திருந்தால், கடைசி இரண்டு இலக்கமாகிய 05-ஐ 5-ஆல் பெருக்குக. 25 மில்லிமீட்டர் உள்விட்டம். 6308 என்றால் 40 மில்லிமீட்டர். இந்த எண்ணைச் சொன்னால் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும்; வண்டியின் பெயரையே சொல்ல வேண்டியதில்லை. ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்ற மூன்றளவும் போதும். புஷ் தேய்ந்தால் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். 1964-இல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனத்தின் தொழிற்கூடமும் சுரங்கப் பட்டறைகளும் எங்கள் ஊரில் ஃபிட்டர்களையும் டர்னர்களையும் தலைமுறை தலைமுறையாக உருவாக்கின. சுரங்கத்தில் கை பழகியவர்களுள் இளையவர்களே இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். ஓசையைக் கேட்டுப் பேரிங்கின் பெயரைச் சொல்லும் முதியவர் எங்கள் தெருவில் முன்பு நால்வர் இருந்தனர். இப்போது ஒருவரே இருக்கிறார். அவர் அறிந்தது எந்த ஏட்டிலும் இல்லை.

டிராக்டரோடு பிணைந்த பிற கருவிகளுள் சாஃப் கட்டர் என்னும் தட்டு வெட்டும் இயந்திரமே நாள்தோறும் ஓடுவது, அஞ்சத்தக்கதும் அதுவே. டிராக்டரின் பின்னுள்ள பி.டி.ஓ. தண்டு நிமிடத்திற்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று. தண்டின் விட்டம் 7 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 22 சென்டிமீட்டர். வேட்டியின் நுனி அதில் சிக்கினால் ஒரு நொடியில் 2 மீட்டர்த் துணி சுற்றிக்கொள்ளும். நாலு முழ வேட்டி முழுதும் போவதற்கு ஒரு நொடி வேண்டியதில்லை. தண்டின் மேலுறை உடைந்தால் ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஓட்டுவது எங்கும் காணும் வழக்கம். கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தோர் மிகுந்ததால்தான் 1983-இல் ஆபத்தான இயந்திரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டமே இயற்றப்பட்டது. சட்டம் கொட்டிலுக்குள் வந்து நிற்பதில்லை. கத்தியைக் கூராகவும், அடித்தகட்டுக்கு மிக நெருக்கமாகவும் வைத்தால் தீவனம் தானே உள்ளே போகும். மழுங்கிய கத்திதான் கையால் தள்ளச் சொல்லும். ஆகவே கத்தி தீட்டுதல் பராமரிப்பு மட்டுமன்று, கை காப்பும் ஆம்.

மாட்டுப் பண்ணைக்கே உரிய இன்னொரு செய்தி இருக்கிறது. உழவுப் பண்ணையில் இதற்கு இடமில்லை. இயந்திரத்திலிருந்து உதிர்வது மாட்டின் வாய்க்குள் போகும். மாடு தீவனத்தை மென்று ஆராய்ந்து தின்பதில்லை; வாரி விழுங்கிப் பின்னரே அசைபோடுகிறது. உடைந்த கம்பி, கழன்ற ஆணி, வாஷர் முதலியன தாளோடு சென்று வயிற்றின் இரண்டாம் அறையில் தங்கிவிடும். அவ்வறைக்கு முன்னே மிக அருகில் இதயம் இருக்கிறது. கூரிய கம்பி சுவரைத் துளைத்து இதயத்தின் உறையைத் தொட்டால் நல்ல கறவைப் பசு தீவனம் மறுத்து, முதுகு கூனி நின்று சாகும். இதனால் மாமா சாஃப் கட்டரின் தட்டில் பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். வாரந்தோறும் அதில் ஒட்டியிருப்பதைத் துடைத்து எண்ணுகிறார். கழன்ற நட்டு கிடைக்கும்வரை வேலை தொடங்கமாட்டார். பழைய பேட்டரியைக் கொட்டிலோரம் வைப்பதும் அத்தகையதே. அதன் உப்புச் சுவைக்கு மாடு நக்கும். ஈயம் மாட்டுக்கு நஞ்சு. மாற்றிய எஞ்சின் எண்ணெயும் மாடு நக்காத இடத்தில் மூடிய டின்னில் இருக்க வேண்டும்.

சாணமும் மூத்திரமும் ஏற்றிய டிரெய்லரை அன்றே கழுவாவிட்டால் தகடு இரண்டு மூன்று ஆண்டுகளில் சல்லடையாகும். தாள் போருக்கருகே டிராக்டரை நிறுத்துதல் கூடாது. சைலன்சரின் சூடு ஒரு காரணம், எலி மற்றொரு காரணம். தாளில் குடியிருக்கும் எலி இரவில் மின்கம்பியின் உறையைக் கடிக்கும். காலையில் சாவியைத் திருப்பும்போது பொறி பறக்கும்.

பழைய வண்டியை எதுவரை பேணலாம்? பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரியில்லாத வண்டியை ஒரு நாளும் ஓட்டலாகாது. அதில் சிக்கனத்துக்கு இடமில்லை. கியர்ப்பெட்டியின் உறையோ எஞ்சின் பிளாக்கோ விரிசல் கண்டால் விட்டுவிடுவதே அறிவு. மற்றபடி லைனர், பிஸ்டன், வளையம், பேரிங் ஷெல் ஆகியவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை, தேய்ந்தால் மாற்றலாம். எங்கள் வண்டிக்கு அந்தக் காலம் வந்துவிட்டது. நீலப்புகை காண்கிறது, நோட்டின்படி நூறு லிட்டர் டீசலுக்கு ஊற்றும் எண்ணெய் இரண்டு ஆண்டுகளில் இருமடங்காகியிருக்கிறது. லைனரும் பிஸ்டனும் வாங்கி எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்தாயிற்று. தாள் வேலை முடிந்து மாடுகள் போரைத் தின்னத் தொடங்கிய பின், சித்திரையில் எஞ்சினை இறக்குவதாக இருக்கிறோம். எங்கள் தெருவின் அந்த முதியவரும் வந்து உட்கார்ந்து சொல்லித் தருவதாக இசைந்திருக்கிறார். கோடை விடுமுறையில் காண விரும்பும் சங்க நண்பர்கள் என்னிடம் பெயர் தரலாம். பழைய சட்டை ஒன்றும் எழுதுவதற்கு ஒரு நோட்டும் கொண்டுவர வேண்டும். வேட்டி கட்டி வருதல் வேண்டா.